பாரை ஒரு கூறு

எங்கள் மரியநேசனுக்கு
அவர்கள் சுல்தான் சர்ப்பா என்று பேர் வைத்தார்கள்.
எந்த நாட்டுச் சுல்தான் என்று கேட்டதற்கு
முதலாளி தோளைக் குலுக்கினானாம்.
ஏதாவது பாலைவனம். மணல் இருந்தால் போதும்.

குருநகர்ப் பெடியனுக்கு
மணலுக்குப் பக்கத்தில் கடல் இல்லாத ஊர்
நினைத்துப் பார்க்கவும் வராது.

தலைப்பாகை வாடகை. வாள் பிளாஸ்ரிக்.
தாடி மட்டும் சொந்தம்.
பச்சைத் துணியில் பாம்பு தைத்த ஒரு கொடி,
உலகத்தில் ஒரு சனமும் அதற்கு எழுந்து நிற்காது.
ஒரேயொரு கட்டளை:
மேடை ஏறும்போது சிலுவை போடக்கூடாது.
முதல் இரண்டு சனிக்கிழமையும் கை மறந்து போட்டு
ஐம்பது டொலர் தண்டம் கட்டினான்.

பாதை திறந்த வருசம்
பால்மாப் பேணிக்குள் கசெற் வந்து சேர்ந்தது.
கஸ்தூரியார் வீதியில் என் கடை,
தலைக்குப் பத்து ரூபா,
பிலோமினாவிடம் வாங்குவதில்லை.
அவள் மீன்சந்தையால் நேரே வருவாள்,
கதிரை நாறும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

திரையில் பனி கொட்டுகிற ஏதோ ஊர் மண்டபம்.
தகப்பன் தோளில் இருந்து ஒரு குழந்தை
நடுவிரல் காட்டுது.
உன்ரை பாசையில் திட்டு, நல்லாய்த் திட்டு
என்று ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள்.
அந்த நேரம் பார்த்து அவனுக்குத் தூசணம் வரவில்லை,
ஏலம்தான் வந்தது.

'பாரை ஒரு கூறு நூற்றிருபது!
நூற்றிருபது, நூற்றிருபது, முப்பது ஆர்?
செவுளைப் பார், ரத்தம் காயேல்லை!
அடியே பிலோமினா, வாயைப் பாத்துக்கொண்டு நிக்காதை!'

மண்டபம் எழும்பிக் கூவுது.
சோடாக் கோப்பை பறக்குது.
நம் பிள்ளைகளைச் சபிக்கிறான் கேளுங்கள் என்று
வர்ணனைக்காரன் தொண்டை கிழிகிறான்.

என் கடையில் முப்பது பேர்
சிரித்து விழுந்ததில் வாங்கு ஒன்று முறிந்தது.
'நூற்றிருபதுக்கு இப்ப சூடையும் வராது' என்றார் ஒருவர்.
அவன் தொண்ணூற்றைந்தில் வெளிக்கிட்டவன்.
விலையும் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த இடத்தை எத்தனை தரம் திருப்பிப் போட்டேனோ,
நாடா தேய்ந்து
அவன் வாய்க்குக் குறுக்கே மழை பெய்யத் தொடங்கியது.

தொலைபேசியில் சொன்னான்:
விழுகிறது பழகிப் போச்சு மச்சான்.
பலகைதான் சத்தம் போடும், முதுகு இல்லை.
ஆனால் அந்தக் கட்டடங்கள் விழுந்த புரட்டாதிக்குப் பிறகு
கூவுகிற சத்தம் மாறிப்போச்சு.
முந்திச் சிரிச்சுக்கொண்டு கூவினவை.
போன கிழமை கார் விடுகிற இடத்தில் ஒருத்தன்
எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டான்.
தலைப்பாகை கழட்டின பிறகும்
அவனுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுது.

விட்டிட்டு வாவன் என்றேன்.
எங்கை, என்றான்.
பிறகு அட்டைக் காசு முடிந்துபோனது.

கடைசியாய்ப் போட்ட அன்று
சிரிப்புச் சத்தம் கேட்டுச்
சந்திக் காவலில் நின்ற ஆமிக்காரன் வாசலுக்கு வந்தான்.
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு
எட்டிப் பார்த்தான். சின்னப் பெடியன்.
சிரிப்பு நின்றது, மீன் மணம் மட்டும் நிற்கவில்லை.

'இவன் எந்த நாடு?'
உடைந்த தமிழில் என்னைக் கேட்டான்.

முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
வைத்திருந்த பதில் குருநகர்.
வந்த பதில்,
'அரபி, சேர்.'

'நரக மினிஹா,' என்று தலையாட்டினான்.
கெட்டவன் என்று அர்த்தம்.
மஞ்சள் மயிர் வீரன் கயிற்றில் ஏறிப் பாய,
மரியநேசன் மல்லாக்க விழ,
ஆமிக்காரன் கை தட்டினான்.
எங்களில் இரண்டு பேரும் தட்டினார்கள்.
நானும் தட்டினேனோ, ஞாபகம் இல்லை.

நடுவன் கையால் பலகையில் அடித்து எண்ணுகிறான்.
ஒன்று.
இரண்டு.

'நூற்று முப்பது,' என்றாள் பிலோமினா,
செதில் ஒட்டின கையைத் தூக்கி,
திரையைப் பார்த்தபடி.
'நான் எடுக்கிறன்.'